மலைக்குப் போகும் தேதி

புது பூட்ஸை மாட்டிக்கொண்டு சின்னவள் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மலையேறுகிறவர்கள் போடுகிற பூட்ஸ். கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும். நாடாவை இழுத்துக் கட்டினால் கால் யாரோ இரவல் கொடுத்தது போல் ஆகிவிடும். அவள் வேலை பார்ப்பது செருப்புக் கடையில். இந்த மாதிரி பூட்ஸ் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "வாங்கின கையோட மலைக்குப் போயிடாதீங்க சார், வீட்டுக்குள்ளயே கொஞ்ச நாள் போட்டு நடந்து பழக்கிக்கோங்க" என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறாள். அப்படிப் பழக்குகிற வீட்டில் யாராவது படுக்கையில் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்களா என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. விற்றோமா, பில் போட்டோமா என்பதோடு அவள் வேலை முடிந்துவிடும்.

"இன்னும் கடிக்குதாடி?" உள்ளறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"குதிகால்ல மட்டும் லேசா."

"உங்க அக்காவுக்கு?"

"அவளுக்கு நேத்தே சரியாயிடுச்சாம். அவ தோலு அப்படி."

அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அம்மா எழுந்து நடக்கவில்லை. ஆபரேஷன் செய்து பார்த்தார்கள், கட்டில்தான் கதி என்று ஆனது. ஒருக்களித்துப் படுக்கவும் ஒரு ஆள் வேண்டும், தலையணையை நகர்த்தவும் ஒரு ஆள் வேண்டும். வாய்க்கு மட்டும் எந்த ஆளும் வேண்டாம்.

பெரியவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கல்யாணமாகி, கசந்து, கொண்டுபோன பெட்டியோடு திரும்பி வந்தவள். பயிற்சி வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே ஒரு நாய் வாலை ஆட்டினாலும் அதை மிதித்துவிடுவாள் என்பதால் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'பிரேக் அக்கா'. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே நாலு தெரு, அதே இரண்டாம் கியர், பக்கத்தில் வியர்த்து வழிகிற யாரோ ஒருவர். ஊரை விட்டு வெளியே போகாமலே உலகத்தைச் சுற்றுகிற தூரத்தை ஓட்டித் தீர்த்திருப்பாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப் பாதையில் தன் கையால் வண்டி ஓட்ட வேண்டும். சின்னவளுக்கு வண்டி மேல் எந்த ஆசையும் இல்லை. தான் விற்ற பூட்ஸ்கள் எங்கெல்லாம் போகின்றனவோ அங்கெல்லாம் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு ஆசையையும் சேர்த்து முடிச்சுப் போட்டபோது ஒரு பயணம் வந்தது. காரில் போவது, ஒவ்வொரு மலையிலும் இறங்கி நடப்பது.

அந்தப் பேச்சை முதலில் எடுத்தது யார் என்று இப்போது கேட்டால் இருவருமே மற்றவளைக் கைகாட்டுவார்கள். அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில், "இதெல்லாம் முடிஞ்சதும் எங்கயாவது போயிட்டு வரணும்" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவள் "ஆமா" என்றாள். இதெல்லாம் என்றால் எதெல்லாம் என்று யாரும் கேட்கவில்லை.  அம்மாதான், "எங்க போவீங்க?" என்று கேட்டாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள்.

அடுத்த வாரமே பெரியவள் ஒரு பெரிய மேப் வாங்கி வந்தாள். வீட்டில் வெறுமையாக இருந்த ஒரே சுவர் அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவர்தான். அங்கேயே ஒட்டினார்கள். பெட்ரோல் போடுகிற இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி, நடக்கிற இடங்களுக்குப் பச்சை. முதலில் ஏரியைச் சுற்றி ஒரு நடை, கால் பழக. பிறகு காட்டுக்குள் இறங்கி அருவி வரை. அதற்கப்புறம் முகடு வழியாக ஒரு முழு நாள் ட்ரெக்கிங், இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. கடைசியாக ஒரு கணவாய். அங்கே போய் நின்றால் அந்தப் பக்கத்து நாடே தெரியும் என்று பூட்ஸ் வாங்க வந்த ஒருவர் சின்னவளிடம் சொல்லியிருந்தார்.

அம்மா அந்த ஊர்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எல்லா ஊரும் அவளுக்குத் தெரியும். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊருக்கு ஊர் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தே தலை நரைத்தவள். மேப்பில் சின்னவள் விரல் வைக்கிற இடத்துக்கெல்லாம் அவளிடம் ஒரு சேதி இருந்தது.

"அந்த ஊரா? மத்தியானம் ஆனா லைன் கரகரங்கும்டி. சாப்பிட்ட நேரத்துக்கு மேல மழைதான். காலையிலயே ஏறி இறங்கிடுங்க."

"இந்த ஊரும்மா?"

"அங்க ஒருத்தி இருந்தா. ஹலோன்னு சொல்றதுக்குள்ள பல்லு தந்தி அடிக்கும் அவளுக்கு. ஸ்வெட்டர் ரெண்டா எடுத்துக்கோங்க."

உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதே அந்தச் சாயங்காலங்களில்தான். பெட்பேன், களிம்பு, மாத்திரை என்று சுருங்கிப்போயிருந்த அறைக்குள் மலைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மகள்கள் இருவரும் வேலை முடிந்து பழையபடி கால் தேய்த்துக்கொண்டு வராமல் சீக்கிரம் வந்தார்கள். அம்மா சாவதற்கு அவர்கள் காத்திருந்தார்கள் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். காத்திருக்கவில்லை என்று அவர்களால் சத்தியம் செய்யவும் முடியாது.

தேதி வைத்ததில்தான் எல்லாம் கெட்டது. பள்ளிக்கூடங்கள் திறக்கிற நேரத்தில் செருப்புக் கடையில் யாருக்கும் லீவு கிடையாது, அதற்கு முன்னால் வேண்டியவர்கள் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். சின்னவள் ஒரு வேகத்தில் மழைக்கு முந்தைய வாரத்தைச் சொல்லிவிட்டாள். பெரியவளின் பயிற்சிப் பள்ளியிலும் வண்டிகளைப் பெயிண்ட் அடிக்க விடுவதாகச் சொல்லி அதே வாரம் மூடுகிறார்கள் என்று தெரிந்தது. சித்தியிடம், அம்மாவின் தங்கையிடம், வந்து ஒரு வாரம் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். "இதுகூடச் செய்யாட்டி நான் என்ன தங்கச்சி" என்று சித்தி ஒத்துக்கொண்டாள். அப்படியானால் எதுவும் முடிய வேண்டியதில்லை, அம்மா இருக்கும்போதே போய்விட்டு வந்துவிடலாம். மனதில் உறுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது இருவருக்கும். சிரித்துக்கொண்டே வந்து அம்மாவிடம் தேதியைச் சொன்னார்கள்.

"இப்பதான்டி உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்கீங்க" என்றாள் அம்மா. மறுநாளே பூட்ஸ் வந்தது.

சித்தியின் போன் வந்தபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். போனில் பேசுகிற குரலைக் கேட்பது அம்மாவுக்குப் பிடிக்கும் என்பதால் எப்போதும் அப்படித்தான். சித்தியின் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, அசையக்கூடாது என்று டாக்டர் படுக்கப் போட்டுவிட்டார். மகளை விட்டுவிட்டு வர முடியாது. "மன்னிச்சுக்கோ அக்கா" என்று சித்தி அழுதாள். "அட, நீ அவளப் பாரு முதல்ல" என்று அம்மா தேற்றினாள்.

அதற்குப் பிறகு வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்து பார்த்தார்கள். அவள் முதல் நாளே அம்மாவைத் திருப்புகிறேன் என்று கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா போட்ட அலறலில் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். அவளை அன்றைக்கே அனுப்பிவிட்டு இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"விடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள் பெரியவள்.

"தேதிய மாத்தாதீங்க" என்றாள் அம்மா.

"அப்ப உன்ன யாரு பாத்துக்குறது?"

அம்மா மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை தாங்காமல் சின்னவள்தான் எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "பூட்ஸ் எங்க போயிடப்போகுது. ரெண்டு பேருக்கும் நல்லா பழகிடுச்சு. எல்லாம் ரெடியாத்தான் இருக்கு."

"அப்ப நான்தான் பாக்கி" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள்.

அம்மா எது சொன்னாலும் சிரித்தே பழகியிருந்ததால் பெரியவளும் சிரித்துவிட்டாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள். அதற்குள் அது அறைக்குள் கேட்டாகிவிட்டது. அந்தச் சிரிப்பை அவள் பிறகு எத்தனையோ முறை திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து அம்மாவுக்கு எல்லாமே பாதி போதும் என்று ஆனது. பாதி ரொட்டி, பாதித் தம்ளர் பால். நாக்கு கசக்குது என்றாள். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று இவர்களும் விட்டுவிட்டார்கள். காலையில் கண் விழித்ததும், "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்பது புதிதாக இருந்தது. பொழுது போகாமல் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்கள். பாதி என்பது கால் ஆனபோதுதான் சின்னவளுக்கு உறைத்தது. ஆனாலும் அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தாள்.

ஒரு சாயங்காலம் பெரியவள் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கரண்டிக்கு மேல் அம்மாவின் உதடு பிரியவில்லை.

"வாயத் தொறம்மா."

"போதும்டி."

"ரெண்டு வாய்தான். தொற."

"நீங்க மழைக்கு முன்னாடி போயிட்டு வந்துடணும்டி" என்றாள் அம்மா. லைனில் இருப்பவரிடம் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்கிற ஆபரேட்டரின் குரல் அது, நிதானமான குரல். "என்னால எதுவும் நிக்கக்கூடாது."

பெரியவள் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு சமையலறைக்கு வந்தாள். சின்னவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் குழாயை மூடினாள்.

"அவ முன்னாடி நீ தேதி சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் பெரியவள்.

"நீதான் அவ கண்ணு முன்னாடி மேப்ப ஒட்டின."

"நீ வீட்டுக்குள்ள பூட்ஸ் போட்டு நடந்தியே."

"நீ நடக்கலயா?"

இருவருமே குரலை உயர்த்தவில்லை, அம்மாவுக்குக் காது கூர்மை. சண்டைகூட நிம்மதியாகப் போட முடியாத வீடு.  பிறகு சின்னவள் அழ ஆரம்பித்தாள். பெரியவள் அவளைத் தேற்றவில்லை, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று இரவே மேப்பைக் கிழிக்காமல் பதமாக எடுத்துச் சுருட்டினார்கள். பூட்ஸ்கள் பரணுக்குப் போயின. "நாங்க எங்கயும் போகலம்மா. எங்களுக்கு அந்த ஆசையே இல்ல" என்று பெரியவள் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். அம்மா அவளை நம்பாத பார்வை பார்த்தாள். ஆனாலும் மறுநாள் முழு ரொட்டியையும் சாப்பிட்டாள். பிள்ளைகள் ஒரு பொய்யை இவ்வளவு சிரமப்பட்டுச் சொல்லும்போது கொஞ்சமாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு பலவீனம்தான் என்றார். டானிக் எழுதிக்கொடுத்தார். அதையும் முகம் சுளிக்காமல் குடித்தாள். தேதி கேட்பதை மட்டும் விடவில்லை. அவர்கள் சொல்லாவிட்டால், அன்றைக்கு வந்த பேப்பரை விரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

லீவை வேண்டாம் என்று சின்னவள் சொல்லப் போனபோது, மாற்று ஆள் போட்டாகிவிட்டது, வீட்டில் இருந்து ஓய்வெடு என்றார் மேனேஜர். பெரியவளின் பள்ளியும் மூடியாயிற்று. ஆகவே கிளம்ப வேண்டிய அந்த நாளில் இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

இருள் பிரிகிற நேரத்துக்கே சின்னவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. இந்நேரம் ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற நினைப்பு கேட்காமலே வந்தது. அதை விரட்டிவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனாள். பெரியவள் அங்கே ஏற்கெனவே கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து, அம்மாவின் மூக்கருகே புறங்கையை வைத்திருந்தாள். தங்கையைக் கண்டதும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது அந்த வீட்டில் புதிதல்ல. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து இருவரும் மாறி மாறிப் பார்ப்பதுதான், அதற்காக யாரும் கையை ஒளித்ததில்லை. சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பயம் இருந்தது. பயம் மட்டும்தான் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தான் எதற்காக இந்நேரத்துக்கு எழுந்து வந்தோம் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் போர்வையைப் பார்த்தார்கள்.

"இருக்கேன்டி" என்றாள் அம்மா. கண்ணைத் திறக்கவில்லை. ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காமல் மாட்டிக்கொண்டவளின் குரலாக இருந்தது.  கொஞ்ச நேரம் கழித்து, "என்ன பண்றது" என்றாள், இன்னும் சின்னக் குரலில்.

ஒருக்களித்துப் படுக்க வைக்கிற நேரம் ஆகியிருந்தது. பெரியவள் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். சின்னவள் அந்தப் பக்கம் போய் இடுப்புக்கு அடியில் கொடுத்தாள். வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு, வழக்கமான பலத்தோடு இருவரும் தூக்கினார்கள். அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. அம்மா மெத்தையை விட்டுச் சட்டென்று மேலே வந்துவிட்டாள். ஒரு கணம் அவளை எங்கே வைப்பதென்று தெரியாதவர்கள் போல, கட்டிலுக்கு மேலே, கைகளில் தாங்கியபடி நின்றார்கள்.