மத்தியான பெஞ்சு

பெனடிக்ட் ஒரு கோர்ஸ் படித்து, மெடிக்கல் ரெப் வேலையை விட்டு டேட்டா அனலிடிக்ஸுக்கு மாறி நான்கு மாதம் ஆகியிருந்தது. சேலத்தில் ஏசி அறை, சுழலும் நாற்காலி, வெயில் மேலே படாத பிழைப்பு. எல்லாம் சரிதான், பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் காலையில் காதில் மாட்டுவதைச் சாயங்காலம்தான் கழற்றுவார். இத்தனை வருஷம் வாயை வைத்தே பிழைத்த பெனடிக்ட்டுக்கு இது தண்டனையாக இருந்தது.

அன்றைக்குத் திரையில் மருந்து விற்பனைக் கணக்கு ஓடியது. குமாரபாளையம் என்ற பெயரைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது. மத்தியானம் டாக்டர்கள் சாப்பிடப் போய்விட்டால், அந்த ஊரில் ரெப்புகளுக்கு பேக்கரி பெஞ்சை விட்டால் போக்கிடம் கிடையாது. டோனி, கலையரசன், இவன் என்று மூன்று பேரும் மூன்று கம்பெனி. விற்பதென்னவோ ஒரே வயிற்றெரிச்சல் மாத்திரை. டாக்டர் முன்னால் ஒருவன் காலை ஒருவன் வாருவான். பெஞ்சுக்கு வந்தால் ஒரே தேங்காய் பன்னை மூன்றாகப் பிய்த்துத் தின்பார்கள். ஒருவனுக்கு மேனேஜர் போன் வந்தால், கிளினிக்கில் இருப்பதாக அவரை நம்பவைக்க மற்ற இருவரும் நோயாளி மாதிரி இருமிக் கொடுப்பார்கள்.

நேரம் பார்த்தது போல் பழைய மேனேஜர் சின்னப்பராஜ் கூப்பிட்டார். "உன் ஏரியாவுக்கு இன்னும் ஆள் போடலப்பா. வர்றதுன்னா மறுபடி சேத்துக்கறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிரு."

மனைவி அக்சிலியா தடுக்கவில்லை. "கண்ணு முழிச்சுப் படிச்சது நீங்க, விடறதும் உங்க இஷ்டம். ஆனா போயிட்டு, மறுபடி இதுக்கு ஏங்கக் கூடாது" என்றாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பைக்கை எடுத்தான். திரும்பி வருகிற சேதியை முதலில் பெஞ்சில்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சங்ககிரி தாண்டியதும் வாயில் பாட்டுக்கூட வந்துவிட்டது.

பேக்கரியில் இருவரும் இருந்தார்கள். சத்தம்தான் இல்லை. நடுவில் ஒரு லேப்டாப், அதற்குள் இரண்டு தலைகள். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"உன்னையத்தான்டா நேத்தெல்லாம் நெனச்சேன்" என்று டோனி கையைப் பிடித்து உட்காரவைத்தான். "நாங்களும் உன்ற கோர்ஸ்லயே சேந்துட்டோம். முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தோம். இந்த எடத்துல முட்டிக்கிட்டு நிக்கறோம், என்னன்னு பாரு."

"நீங்க போய்க் காட்டுனதுலதானுங்கண்ணா எங்களுக்கே தைரியம் வந்துச்சு" என்றான் கலையரசன், மூவரில் இளையவன். "நான் வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டேனுங்க. இந்த மாசத்தோட சரி."

பெனடிக்ட் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரையைப் பார்த்தான். இரண்டு அட்டவணைகளைச் சேர்த்ததில் சில வரிகள் இரட்டையாக வந்திருந்தன. பார்த்ததுமே பிழை தெரிந்துவிட்டது. சரிசெய்து காட்டியதும் இருவரும் அடுத்த பாடத்துக்குத் தாவினார்கள். அவர்கள் மீது அவனுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது.

வெளியே வந்து சின்னப்பராஜை அழைத்தான்.

"வரலீங்க சார்."

"ஏம்ப்பா, அங்க அவ்வளவு நல்லா இருக்கா?"

"அப்படியில்லீங்க சார். நான் திரும்பி வந்தாலும் இங்க யாரும் இருக்க மாட்டாங்க."