கொழுப்புக் கட்டிக்கு ஒரு சாட்சி

என் வீட்டுக்காரர் ஃபிரெட்ரிக் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறவர். புற்றுநோய்ப் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நடத்துவார். ஆனால் தன் தோளில் ஒரு கட்டி தெரிந்ததும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. “கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கு, எதுக்கும் ஊசி குத்தி டெஸ்ட் பண்ணிடலாம்” என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவே இல்லை. தனக்குக் கேன்சர் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

சாந்தோமில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அன்பியக் கூட்டம் என்போம். அவர்கள் இவருக்காகப் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்தே போனார்கள். ஒன்பது நாள் தொடர்ந்து ஜெபித்து நவநாள் வைத்தார்கள். பிறகு ரிப்போர்ட் வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி.

அடுத்த கூட்டத்தில் எல்லாரும் “புதுமை, புதுமை”, மாதா செய்த அற்புதம் என்று கண்ணீர் விட்டார்கள். இவர் மறுக்கவில்லை. “டாக்டரே அசந்துட்டார்” என்று ஒரு பிட்டையும் சேர்த்துப் போட்டார். எந்த டாக்டர் அசந்தார்? அவர்தான் முதலிலேயே சொன்னாரே! நானாவது வாயைத் திறந்தேனா? பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே கேக் வெட்டினேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அப்புறம்தான் ஆலிஸின் விஷயம் தெரிந்தது. தெருக்கோடியில் தையல் கடை வைத்திருக்கும் பெண். மார்பில் கட்டி, டெஸ்டில் புற்றுநோய் என்றே உறுதியாகிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்யச் சொன்னார்களாம். அவள் அம்மாதான் விடவில்லை. “சாருக்குக் கத்தியே வெக்காம மாதா காப்பாத்தலையா?” என்கிறாளாம்.

இந்த மாதக் கூட்டம் எங்கள் வீட்டில். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“நானே சொல்றேன் லிசா” என்றார்.

ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்றார். “கட்டியில ரெண்டு வகை இருக்கு. சாதாரணக் கட்டியோட செல், நல்ல செல் மாதிரியேதான் இருக்கும். மெதுவா வளரும், இருந்த இடத்துலயே இருக்கும். புற்றுக்கட்டி அப்படி இல்ல. செல்லோட உட்கரு பெருத்துடும், உருவமே மாறிடும். கட்டுப்பாடு இல்லாம பெருகும். பக்கத்துத் தசைக்குள்ள புகுந்து, ரத்தத்துல ஏறி, வேற உறுப்புக்கும் போயிடும். அதுக்குச் சீக்கிரம் வைத்தியம் பார்த்தாகணும்.”

அருமையான பாடம். தனக்கு வந்தது எந்த வகை என்பதை மட்டும் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆலிஸின் அம்மா கைகூப்பினாள். “அம்மாம் பொல்லாத வியாதியவே மாதா உனுக்கு இல்லாம பண்ணாங்களே சார். எம் பொண்ணையும் கைவுட மாட்டாங்க.”

ஃபிரெட்ரிக் குனிந்து பாயைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

“அம்மா, இவருக்கு வந்தது முதல் வகை” என்றேன். “வெறும் கொழுப்புக் கட்டி. அந்தக் கட்டி இன்னும் தோள்லயேதான் இருக்கு. கேன்சர் இவருக்கு வரவே இல்ல. வராத வியாதி எப்படிம்மா குணமாகும்? தெரிஞ்சும் நாங்க ரெண்டு பேரும் வாய மூடிக்கினு இருந்தோம்.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எங்களுக்காக வெயிலில் நடந்தவர்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆலிஸின் அம்மா கூப்பிய கையை மெல்ல இறக்கினாள். மகள் பக்கம் திரும்பினாள்.

“ஆபரேசனுக்கு எப்போ வரச் சொன்னாங்க?”

“போன மாசம்” என்றாள் ஆலிஸ்.