பிள்ளைக்குக் குத்தாத நூல்

முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் சந்தோஷப்படுகிற ஆள் செகந்திராபாத் தார்நாகாவிலேயே பத்மப்ரியா ஒருத்திதான் இருப்பாள். அடுப்பைச் சின்னதாக எரியவிட்டு, விரல் நீளத் துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் காட்டினாள். உருகி முத்தாகக் கெட்டிப்பட்டால் பிளாஸ்டிக் கலப்பு. இது சுருண்டு கருகியது, தொட்டால் பொடிந்தது. அசல் ஆட்டுக் கம்பளிதான், கையால் நூற்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"ஏங்கண்ணு, முடி பொசுங்கற நாத்தம் அடிக்குது?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. தலைமுடி அடுப்புல விழுந்துருச்சுங்க."

பொய். வாய் கூசாமல் வந்த பொய். மாமியார் கனகவல்லி, மருமகளுக்கு ஏழாம் மாதம் என்று துணைக்குக் கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து வந்திருந்தாள். பெட்டியை இறக்கி வைத்ததும் பேசிய முதல் பேச்சே இதுதான்: "இந்தத் தடவை பொறக்கற வரைக்கும் ஒரு துணி வாங்கப்படாது, ஒரு நூல் கோக்கப்படாது. ஆமா, சொல்லிப்போட்டேன்."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன தடவை பத்மப்ரியா மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி ஸ்வெட்டர் பின்னி, பொத்தான் வரைக்கும் தைத்து, அலமாரியில் மடித்து வைத்திருந்தாள். ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே எல்லாம் அடங்கிப்போனது. அந்த ஸ்வெட்டரை அத்தை எங்கே கொண்டுபோனாள் என்று கேட்கும் தைரியம் அவளுக்கு இன்றுவரை வரவில்லை.

அப்புறம் எதற்கம்மா உனக்கு இந்த வேலை என்று கேட்டால், பதில் தயாராக வைத்திருந்தாள். மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் அவள் சாஃப்ட்வேர் டெஸ்டர். எழுதுவது வேறு யாரோ. எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்வதோடு அவள் வேலை முடிந்தது. பார்ப்பது வேறு, செய்வது வேறு. அதே நியாயம்தான் இங்கேயும். ஸ்வெட்டர் பின்னினால்தானே குற்றம்? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் பின்னி, நூல் எப்படி என்று பார்த்தால் அது எந்தக் கணக்கிலும் சேராது. என்ன சாமர்த்தியம்! படித்த பெண், சாமியிடமே சட்டம் பேசினாள்.

நூலைக் கொண்டுவந்து கொடுத்தவள் ஸ்வீட்டி, கூட வேலை பார்ப்பவள். செகந்திராபாத்தில் தலைமுறைகளாக இருக்கிற தமிழ்க் குடும்பம், பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும்: எதற்கு என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ. லீவில் கிடப்பவளைப் பார்க்க ஆப்பிளோடு வந்து, பையின் அடியிலிருந்து இரண்டு உருண்டைகளை எடுத்து நீட்டினாள்.

"எக்ஸிபிஷன்ல வாங்கினேன். கையால நூத்தது. பின்னு."

"ஐயோ, அத்தை கொன்னே போடுவாங்க. சும்மா டெஸ்ட் மட்டும் பண்ணிப் பாக்கறேன்."

"கைக்கு இத்தனை பயம்? ஹவ், டெஸ்ட் பண்ணு, யாரு நக்கோன்னது?"

டெஸ்ட் முடிந்தால்தானே! கைநூல் மில் நூல் மாதிரி ஒரே சீராக இருக்காது. ஓரிடத்தில் மெலிசு, ஓரிடத்தில் தடி. அதனால் ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு அளவு காட்டியது. ஒன்றை வெந்நீரில் அலசினாள், சுருங்கிப்போனது. இன்னொன்றைப் பச்சைத் தண்ணீரில் அலசித் துணிக்கூடைக்குப் பின்னால் ஒளித்துக் காயவைத்தாள், அளவு நின்றது. சாயமே போடாத நூல் அது. அதையும் வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி நனைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கவில்லை. அப்படியும் மனம் ஆறவில்லை.

உண்மையில் அவள் நூலையா சோதித்தாள்? நூல் தேறிவிட்டால் வயிற்றில் இருப்பதும் தேறிவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு உள்ளே புகுந்துகொண்டது. போன தடவை எல்லாம் நின்றுபோன அந்த வாரம் நெருங்க நெருங்க இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று சதுரங்களைப் பின்னிக்கொண்டே போனாள். கணவன் சங்கரிடம் மூச்சு விடவில்லை. அவனுக்குப் பயத்தை மறைக்கத் தெரியாது.

குத்துகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் பாக்கி. கழுத்தில் செருகிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வெயிலிலும் பஸ் புகையிலும் காய்ந்த தோலை நம்ப முடியுமா? இப்போது அவளிடம் இருப்பதிலேயே மென்மையான தோல், இழுத்துப் பிடித்துக் கிடக்கும் வயிற்றுத் தோல்தான். மதியம் சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சதுரத்தை நைட்டிக்குள் வயிற்றின்மேல் வைத்துப் படுத்தாள். கண் அசந்துவிட்டது.

விழித்ததும் வயிற்றைத்தான் கவனித்தாள். லேசாக நமநமவென்றது, அவ்வளவுதான். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. காலையிலிருந்து உள்ளே அசைவே இல்லை.

காபி குடித்தபோது இருந்ததா? இல்லை. குளித்தபோது? இருந்ததா, இருந்ததாக நினைத்துக்கொண்டாளா? போன தடவையும் பிள்ளை தூங்குகிறது என்று நினைத்துத்தான் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை! அத்தை!"

கனகவல்லி கையில் ஒட்டிய மாவோடு ஓடிவந்தாள்.

"காலையிலிருந்து அசையலீங்க அத்தை."

மாமியார் வயிற்றைத் தொட்டுப் பார்க்க நைட்டியை ஒதுக்கினாள். வெள்ளைச் சதுரம் அப்பட்டமாக அங்கே கிடந்தது. தொலைந்தோம் என்று பத்மப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். கனகவல்லி அதை எடுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, "டாக்டரம்மாவுக்குப் போனைப் போடு" என்றாள்.

இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு இடது பக்கமாகப் படுக்க வேண்டும், அப்படியும் அசையவில்லை என்றால் உடனே வரவேண்டும் என்றார் டாக்டர். கனகவல்லி சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். வாட்ச்மேனை ஆட்டோ பிடிக்க அனுப்பினாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வயிற்றின்மேல் ஒரு கையை வைத்தாள்.

"நான் ஸ்வெட்டர் பின்னலீங்க அத்தை. நூல் எப்படின்னு பாத்தேன், அவ்வளவுதானுங்க. சத்தியமாங்க. என்னாலதானுங்களா?"

கனகவல்லி சுருட்டிய கையை விரித்தாள். சதுரத்தைத் தன் கழுத்தோரத்தில் தேய்த்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்துது" என்றாள் திடீரென்று. "எங்கழுத்துக்கே இந்தக் குத்து குத்துதே, புள்ளைக்கு எப்படி ஆகும்? செவந்து போயிராதா?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. வந்த நாளிலிருந்து வயிறு என்றாள், உடம்பு என்றாள். பிள்ளை என்ற சொல்லை மட்டும் தப்பித்தவறிக்கூட வாயில் எடுக்கவில்லை. சொல்லிவிட்டோமே, போச்சு என்ற திகில் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஐயோ, இந்த மனுஷி என்னைவிடப் பயந்து கிடந்திருக்கிறாளே என்று பத்மப்ரியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் மாமியாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஒன்றும் இல்லை. இன்னும் காத்திருந்தார்கள்.

கனகவல்லியின் உள்ளங்கைக்கு அடியில் ஓர் உதை விழுந்தது.

"கண்ணு! பாத்தியா? அட, மறுபடியும் பாரு!" மாவுக் கையால் வயிறு முழுக்கத் தடவிக்கொண்டே சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள்.

எதற்கும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். தடதடவென்று நன்றாகவே ஓடியது. திரும்பி வரும்போது, பள்ளம் வந்தால் கனகவல்லி ஆட்டோக்காரனைக் கோபித் தமிழிலேயே அதட்டினாள். அவனும் ஹவ் அம்மா, ஹவ் அம்மா என்று தலையாட்டினான்.

"ஏங்கண்ணு, இங்க மெத்துன்னு நூலு எந்தக் கடையில கிடைக்கும்?"

பத்மப்ரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பொறக்கட்டுமேங்க அத்தை. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எனக்கு மட்டும் இல்லியா? அது கிடக்கட்டும் ஒரு பக்கம். மார்கழியில பொறக்கப்போகுது. நாம பயந்துட்டிருந்தா அதுக்குக் குளிராதா?"

பத்மப்ரியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகைதான் வந்தது. அவள் அழுத அழுகையில் ஆட்டோக்காரன் மிரண்டுபோய் வண்டியை ஓரம் கட்டினான்.