சாளையும் நெத்தோலியும்

அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சகாயசெல்வி படுக்கையறைக் கதவைத் திறக்க வேண்டும். மாற்றித் திறந்தால் போச்சு! அடுக்களையில் நெத்தோலி, படுக்கையறையில் சாளை. ஒரே தாய் போட்ட குட்டிகள். போன வாரம் வரை ஒன்றின் வயிற்றில் மற்றது தலைவைத்துத் தூங்கிய பூனைகள். இப்போது கண்ணில் பட்டால் கொலைவெறி. இரணியலில் ஆசை ஆசையாய்க் கட்டிய வீட்டில் மனுஷர் புழங்க மிச்சம் இருந்தது ஹால் மட்டுந்தான். அங்கே அவள் புருஷன் ததேயுஸ் விடிந்ததிலிருந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

வேறு எங்கே போவான், பாவம்! மஸ்கட் வேலை முடிந்து மொத்தமாகத் திரும்பி வந்தவன். இத்தனை வருஷம் லீவுக்கு வந்துபோகிற விருந்தாளியாக இருந்தான். இனி எல்லா நாளும் இங்கேதான். "எங்கட்டி போற?" "போன்ல யாரு?" "வாசல்ல என்னத்துக்கு நிக்க?" கேள்வியில் குற்றம் ஒன்றுமில்லை, எல்லாம் அன்புதான். அந்த அன்பில்தான் அவளுக்கு மூச்சு முட்டியது.

பூனைச் சண்டைக்கும் அவன் அன்புதான் காரணம். புது சோபாவில் ஏறிப் படுத்த சாளையின் மேல் மீன் நாற்றம் அடிக்கிறதென்று, கொஞ்சிக் கொஞ்சி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த சென்ட் ஸ்ப்ரேயையும் தாராளமாக அடித்துவிட்டான். மணக்க மணக்க வந்து நின்ற கூடப்பிறந்தவளை நெத்தோலிக்கு அடையாளம் தெரியவில்லை. பாய்ந்து காதைக் கிழித்தது. விலக்கப் போன ததேயுஸின் கையிலும் நீளமாய்க் கீறல்.

"இந்த வீட்டுல ஒரு பூச்சைதான் இரிக்கும். சனிக்கெழம சாளைய வடசேரி சந்தையில கொண்டு விட்டிருவேன், பாத்துக்க."

அவன் இல்லாத ராத்திரிகளில் அவள் காலடியில் கிடந்த உயிர் அது. அதைச் சந்தை நாய்களுக்கு விடுவதா? கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"வாசனை மாறிப்போச்சும்மா. பயத்துல வாற கோவம் அது. ஒரே துணியால ரெண்டையும் தடவிக்குடுங்க. சாத்தின கதவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தீனி வையுங்க. வீட்டுல சென்ட் எதுவும் கொஞ்ச நாள் வேண்டாம்."

எல்லாம் செய்தாள், கடைசியைத் தவிர. தினமும் குளித்துவிட்டுப் பெருமையாக ஸ்ப்ரே அடித்துக்கொள்கிற மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாளையை ஹாலுக்குத் தூக்கிவந்து, அடுக்களைக் கதவின் இரண்டு பக்கமும் பொரித்த மீன்தலை வைத்தாள். முதலில் சீறல். பிறகு கடித்து நொறுக்கும் சத்தம் மட்டும். கதவைக் கொஞ்சம் திறந்தாள். மூக்கும் மூக்கும் உரசின.

"அடடே, சேந்தாச்சா!" குளித்து, ஸ்ப்ரே மணக்க வந்த ததேயுஸ் சந்தோஷத்தில் சாளையை வாரி எடுத்தான். அவ்வளவுதான். நெத்தோலி அவன் மேலேயே பாய்ந்தது. ஹாலெல்லாம் ரோமம், அலறல். அவள் நெத்தோலியை அடுக்களைக்குள்ளும் சாளையைப் படுக்கையறைக்குள்ளும் தள்ளிக் கதவுகளைச் சாத்துவதற்குள் அவன் சாக்கை எடுத்துவிட்டான்.

"நாளைக்கென்ன? இப்பமே கொண்டு போறேன்."

படுக்கையறைக் கதவை மறித்து நின்றாள். "பூச்சைக்க குத்தம் இல்ல. நீங்க அடிக்குத அந்த ஸ்ப்ரேதான் காரணம். எனக்கும் ஒறக்கம் வரமாட்டேங்குது. வீட்டுக்குள்ள யாரோ வந்து கெடக்குத மாதிரி இரிக்கு."

சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். அவன் முகம் செத்துவிட்டது.

"மஸ்கட்ல ஒரே முறியில அத்தன பேரு படுத்துக் கெடந்தோம்," என்றான் மெதுவாக. "அடுத்தவனுக்க வேர்வ தெரியாம இரிக்கத்தான் அடிக்கத் தொடங்கினேன். இப்பம் அது இல்லேன்னா எனக்கே என்னத் தெரியாது, செல்வி."

அவளுக்கு அழுகை வந்தது. மூச்சு முட்டலும் போகவில்லை. இரண்டு கதவுக்குப் பின்னாலும் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது.

சாக்கைப் போட்டுவிட்டு அவன் வெளியே போனான். வாசல் குழாயடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. சோப்புகூடப் போடவில்லை. ஈர லுங்கியோடு வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான்.

"இப்பம் உள்ள வரலாமா?"

வாங்க என்று சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.