இடது தோளில் வந்த வலி

காரைக்காலிலிருந்து வேலைக்கு வந்தவன் மஸ்தான். வியட்நாமில், தூ டுக் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். ஒரு மழை மாலையில் வண்டி சறுக்கி, ஹேண்டில்பார் இடது விலாவில் குத்த விழுந்தான். தோல்கூடக் கிழியவில்லை. தானே வண்டியைத் தூக்கி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். விலா கொஞ்சம் நோகிறது என்றான், அவ்வளவுதான்.

சில நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, இடது தோள் குடைகிறது என்றான். அவன் மனைவி அக்தர் பானு தைலம் தேய்த்துவிட்டாள். படுத்தால் வலி கூடியது, உட்கார்ந்தால் குறைந்தது. இது என்ன வலி என்று அவளுக்கு விளங்கவில்லை. குளிக்க எழுந்தவன் சுவரைப் பிடித்தபடியே சரிந்தான். உதடு வெளுத்து, உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்திருந்தது.

"மச்சான், நெஞ்சு வலிக்குதா?"

"தோளுதான் புள்ள. கண்ணு இருட்டுது."

மாரடைப்பேதான் என்று நினைத்தாள். எதிர்வீட்டு ஒடெட் மாமியைக் கூப்பிட்டாள். மாமியின் தாத்தா காரைக்கால்காரர். மாமிக்கோ வியட்நாமிய மொழிதான் தாய்மொழி மாதிரி, தமிழ் அரைகுறை. மூவரும் டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா தோளைத் தொடவே இல்லை. ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார். வலி வயிற்றில் இல்லை, தோளில் என்று பானு பதறினாள். டாக்டர் திரையைப் பார்த்தபடியே ஏதோ சொல்ல, நர்சுகள் ஓடினார்கள். அதில் 'லா லாக்' என்பது மட்டும் பானுவின் காதில் விழுந்தது. 'லா' என்றால் இலை. சந்தையில் பழகிய சொல். நேற்று இருவரும் பச்சை இலைகளைச் சுருட்டிச் சாப்பிட்டிருந்தார்கள். அதில் ஏதும் விஷமா? தானும் அந்த இலையைத் தின்றதாகவும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் தெரிந்த வியட்நாமியத்தில் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் ஒன்றும் புரியாமல் மாமியைப் பார்த்தார்.

மாமி தன் இடது விலாவுக்குக் கீழே அழுத்திக் காட்டினார். "இலை இல்ல. ஆட்டுக்கு உள்ள இருக்கும். கறுப்பு. நாக்கு போல."

"சுவரொட்டியா?"

மாமிக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் பானுவுக்குப் பிடிபட்டுவிட்டது. ஊரில் கறிக்கடையில் கேட்டு வாங்கும் சுவரொட்டி, அந்த மண்ணீரல், மனிதருக்குள்ளும் இருக்கும் என்று அன்றுவரை அவள் நினைத்ததில்லை.

மற்றதை மாமி துண்டு துண்டாகச் சொன்னார். விழுந்த அன்றே மண்ணீரல் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கிறது. கசிந்த ரத்தம் அதன் உறைக்குள்ளேயே தேங்கி நின்று, இன்று உறையும் கிழிந்துவிட்டது. வயிறு ரத்தத்தால் நிறைந்துகொண்டிருக்கிறது.

"வயித்துல ரத்தம்னா தோள் ஏன் வலிக்கணும் மாமி?"

மாமி டாக்டரிடம் கேட்டுவந்து சொன்னார்: "வயிறு மேல, தோள், ரெண்டுக்கும் நரம்பு ஒண்ணு. எங்க வலின்னு மூளை குழம்பும்."

பானுவும் குழம்பித்தான் இருந்தாள். ஆனாலும் ஆபரேஷனுக்குத் தலையாட்டினாள்.

மண்ணீரலை எடுத்துவிட்டு, ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் மஸ்தான் தெளிவாகப் பேசினான். நடந்ததைக் கேட்டு, வயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்தான்.

"அது இல்லாம இருக்கலாமா?"

"இருக்கலாமாம் மச்சான். தடுப்பூசி போடுவாங்களாம். காய்ச்சல் வந்தா மட்டும் ஒடனே ஓடி வரணுமாம்."

"அதுக்கும் காய்ச்சலுக்கும் என்ன?"

அதையும் அவள் கேட்டிருந்தாள். கிருமியோடு சண்டை போடுவது அதுதான் என்பதுவரைதான் புரிந்திருந்தது. மாமி வந்ததும் திரும்பக் கேட்கலாம் என்று சொல்லி, போர்வையை இழுத்து அவன் காலை மூடினாள்.