இடது கதவின் வெள்ளை

பல்செட்டுக்காரருக்கு அந்தக் கார் மேல் ஆசை வந்தது ஐம்பத்து மூன்றாவது வயதில். அந்த வயதில் வேறு எதன் மேல் ஆசை வந்திருந்தாலும் வீட்டில் இதைவிடச் சண்டை குறைவாகத்தான் இருந்திருக்கும் என்று அவர் மனைவியே சொன்னாள்.

ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவர் செய்த பல்லால்தான். ஆனால் அது ஒருவருக்கும் தெரியாது. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் ஜன்னலோர மேசையில் குனிந்து பல்லைச் செய்து, டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவார். பல் கட்டியவர் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். தெருவில் இவர் எதிரே வந்தால் அதே பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓரமாப் போய்யா" என்பார். முப்பது வருடம் இப்படி. செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது தெரு தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவர் ஏங்கியதில் தப்பொன்றும் இல்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் வில்லங்கம்: முத்து வெள்ளை நிறத்தில், இரண்டே சீட்டுள்ள, ஏழு வருடம் ஓடிய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்.

"ரெண்டே சீட்டா? பொண்ணு வந்தா எங்க உக்காருவா, டிக்கியிலயா?" என்றாள் மனைவி.

"டிக்கி முன்னாடி இருக்கு. எஞ்சின்தான் பின்னாடி."

"பொருத்தமாத்தான் இருக்கு. வாங்குறவருக்கும் எல்லாம் இடம் மாறித்தான் இருக்கு. நான் இந்த ஜென்மத்துல அதுல ஏற மாட்டேன், பாத்துக்கோங்க."

பத்து நாள் சண்டைக்குப் பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். "என் தம்பி பாத்து நல்லா இருக்குன்னு சொன்னா வாங்கிக்கோங்க."

இது நிபந்தனை இல்லை, பூட்டு. அவள் தம்பி அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிப்பவன். ஊரிலேயே கெட்டிக்காரன். ஆனால் அவனும் இவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது.

காரணம் ஒரு பல். அவன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பைக்கிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். தொழிலில் முதல் பாடமே அதுதான். மாப்பிள்ளையோ விளக்கு வைத்த பிறகு வந்து நின்றான். மச்சினன் ஆயிற்றே என்று டியூப்லைட்டில் பார்த்துச் செய்து கொடுத்தார். கல்யாண ஆல்பத்தின் முந்நூறு படத்திலும் அந்த ஒரு பல் மட்டும் தனியாக எரிந்தது. கூட்டாளிகள் அவனுக்கு 'பல்பு' என்று பேர் வைத்தார்கள். மாமா வேண்டுமென்றே செய்தார் என்பது அவன் கட்சி. அன்றிலிருந்து ஒருவர் முன்வாசலில் நுழைந்தால் மற்றவர் பின்வாசல் வழியாக வெளியேறுவார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் காரின் சொந்தக்காரர் வீட்டுக் கீழ்த்தள பார்க்கிங்கில் நின்றார்கள். அவர் ஜிம் நடத்துபவர். சின்னப் பையனுக்கு எடுத்த பனியனைப் போட்டவர் போல இருந்தார். மச்சினனைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. இவனைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும் என்று பல்செட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

மாமாவுக்கும் மச்சினனுக்கும் பேச்சு முழுவதும் போன் வழியாகத்தான். ஸ்பீக்கரில் மனைவி.

மச்சினன் காரைச் சுற்றினான், மண்டியிட்டான், விரலால் தட்டினான், அடியில் டார்ச் அடித்தான். இருபது நிமிடம் கழித்துப் போனைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, வண்டி சுத்தம். ஒரு அடி படல. வாங்கிக்கச் சொல்லு உன் வீட்டுக்காரர."

பல்செட்டுக்காரருக்கு வயிறு குளிர்ந்தது. அடுத்த நொடியே சந்தேகம் வந்தது. 'வண்டி மோசம்' என்று அவன் சொல்லியிருந்தால் பொறாமை என்று தள்ளிவிட்டு நிம்மதியாக வாங்கியிருக்கலாம். ஆறு வருடமாகத் தனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன் இன்று 'வாங்கு' என்கிறானே?

"அவன்கிட்ட கேளு, அவனா இருந்தா வாங்குவானான்னு."

"என்கிட்ட காசு இருந்தா மொதல்ல பல்ல மாத்துவேன்னு சொல்லுக்கா."

"நான் என்ன ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனா?" என்றது போன். "அடுப்புல பால் இருக்கு. சீக்கிரம் முடிங்க."

"பன்னண்டு மணிக்கு இன்னொரு பார்ட்டி வராங்க சார்," என்றார் ஜிம்காரர். "பிடிச்சா இப்பவே சொல்லுங்க. இல்லாட்டி உங்க குடும்பச் சண்டைய வெளிய போய்ப் போடுங்க."

பல்செட்டுக்காரர் காருக்குள் இறங்கினார். ஏறினார் என்று சொல்ல முடியாது. கிணற்றில் இறங்குவது போல இறங்கினார். முழங்கால் மோவாயைத் தொட்டது. தோல் சீட் அவரை அள்ளி அணைத்தது. பக்கக் கண்ணாடியில் ஒரு ஆள் தெரிந்தான். பரவாயில்லாத ஆள். அந்த ஆளை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"வண்டிய வெயிலுக்குக் கொண்டு வாங்க," என்றார்.

"எதுக்கு? அதான் பாத்தாச்சே," என்றான் மச்சினன், போனை மறந்து. உடனே திருத்திக்கொண்டான். "அக்கா, வேலையத்த வேலை பாக்குறார்."

கார் வெளியே வந்தது. பல்செட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து தொழில் சாமானை எடுத்தார்: ஒரு பட்டையில் வரிசையாகப் பதினாறு மாதிரிப் பற்கள், தூய வெள்ளையில் தொடங்கி மஞ்சள் வரைக்கும். அதை பானெட் மேல் வைத்துக் கண்ணைச் சுருக்கினார்.

"சார், அது என்ன, பல்லா?"

"பல்லுதான்."

"யார் பல்லைய்யா என் கார் மேல வைக்கிறீங்க?"

"இன்னும் யாருக்கும் ஆகல. சும்மா இருங்க."

பானெட் முதல் பல்லோடு ஒத்துப்போனது. வலது கதவும் அப்படியே. இடது கதவு மூன்றாவது பல்லுக்குப் போய்விட்டது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு பொடி மஞ்சள்.

"இந்தக் கதவு அப்புறம் பெயிண்ட் அடிச்சது."

"கம்பெனி பெயிண்ட் சார்!"

"டியூப்லைட்டுல நின்னு கலந்திருக்கான். எவனோ கத்துக்குட்டி. அடிச்சவனுக்குக் கண்ணும் இல்ல, கையும் இல்ல."

மச்சினனின் கழுத்து நரம்பு புடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை.

"யாரு கத்துக்குட்டி? நாலு கோட்டு பெயிண்ட் அடிச்சிருக்கேன்! முத்து வெள்ளையை இந்த ஊர்ல வேற எவன் இந்த அளவுக்காவது சேர்ப்பான்? பக்கத்துத் தகட்டுலயும் கொஞ்சம் இழுத்து அடிச்சாத்தான் நிறம் ஒட்டும்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். இந்த ஜிம்காரருதான் செலவாகும், வேண்டாம்னுட்டாரு!"

போன்தான் முதலில் பேசியது. "டேய், இப்ப என்னடா சொன்ன?"

"வண்டிய வேலைக்கு விட்டப்பவே உன்னைய வாய மூடிட்டு இருக்கச் சொன்னேன்ல?" என்று ஜிம்காரர் பாய்ந்தார்.

"மூடிட்டுத்தான் இருந்தேன். என் வேலையப் பேசினா?" இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று மிச்சத்தையும் கொட்டினான். "லாரி மோதின வண்டி. கதவுக்குப் பின்னால நிக்கிற தூணே உள்ள போயிருந்துச்சு. வெல்டு வெச்சு நிமித்தியிருக்கேன். அந்தப் பக்கம் இன்னொரு அடி பட்டா காகிதம் மாதிரி மடங்கும்."

"எந்தப் பக்கம்?" என்றது போன்.

"இடது பக்கம்."

"ஓட்டுறது அவரு. அந்தப் பக்கம் நான்தானடா உக்காருவேன்?"

மச்சினன் போனை நோக்கிக் குனிந்தான். "நீதான் இந்த ஜென்மத்துல ஏற மாட்டேன்னு சொன்னியேக்கா! அத நம்பித்தான..."

"சொன்னேன். சொன்னா? அந்த மனுஷன் ஆசைப்பட்டு வாங்கி வாசல்ல கொண்டாந்து நிறுத்தினா ஏறாம இருப்பேனா?"

பல்செட்டுக்காரர் கையில் பல் வரிசையோடு அப்படியே நின்றார். பத்து நாள் சண்டையில் இந்த ஒரு வரியை அவள் அவரிடம் சொல்லவே இல்லை. கார் வெயிலில் தகதகத்தது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட இரண்டு பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது உட்கார்ந்து ஓட்டினால் நிச்சயம் தெரு திரும்பிப் பார்க்கும். அவர் பல் வரிசையைச் சட்டைப் பையில் போட்டார்.

"வேண்டாம்," என்றார்.

ஜிம்காரர் திட்டியதை இங்கே எழுத முடியாது. பல்செட்டுக்காரரின் வயது, பல், குடும்பம் என்று வரிசையாகப் போய், கடைசியில் மச்சினனிடம் வந்து நின்றது. "இனிமே என் ஜிம்முக்கு வர்ற ஒரு வண்டி உன் ஷெட்டுக்கு வராது!"

"நல்லது. வந்தா செலவாகும்னுதான் அழுவீங்க."

இருவரும் தெருவுக்கு வந்தார்கள். மச்சினன் நாலு அடி பின்னால் நடந்தான். பாலைப் பார்க்கப் போன மனைவி எப்போது போனை வைத்தாள் என்று தெரியவில்லை.

"நான் நாசமாப் போகணும்னுதான வாங்கச் சொன்ன?" திரும்பாமலே கேட்டார்.

"ஆமா. நீங்க மட்டும்."

கொஞ்ச தூரம் கோபமாகவே நடந்தார். கோபமும் சரியாக ஒட்டவில்லை.

"அடுத்த வண்டிய மொதல்லயே வெயில்ல பாத்துடலாம்," என்றான் மச்சினன், சுவரைப் பார்த்து.

"நீ ஒண்ணும் வர வேண்டாம்."

"வருவேன். எங்கக்கா உக்காருற வண்டி."