அரை மணி நேரம் காப்பி கூடாது

...படுக்கக் கூடாது, குனியக் கூடாது, காப்பி கூடாது, பால் கூடவே கூடாது, அரை மணி நேரத்துக்கு வெறும் தண்ணீர்தான், அப்படியானால் என்னதான் செய்வது, கம்பம் மாதிரி நிற்பதா? சங்கீதா ஏழு மணிக்கு முதல் மாத்திரையை விழுங்கிய கையோடு வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள், இருந்தால் புருஷன் சுரேந்தர் காப்பி ஆற்றும் சத்தம் கேட்கும், காலையிலேயே சண்டை. ஜாலான் புசாரிலிருந்து தேக்கா சந்தைக்கு மெதுவாக நடந்தால் நேரம் போய்விடும் என்று நினைத்தாள்... வழியெல்லாம் காப்பிக்கடை என்பதை நினைக்கவில்லை. மணி ஏழு எட்டு. இன்னும் இருபத்திரண்டு நிமிடம்.

எலும்பு மாத்திரையாம். முதலில் ஆபரேஷன், அதைத் தாண்டிவிட்டால் போதும் என்றார்கள், பிறகு கீமோ, பிறகு ரேடியேஷன், பிறகு மார்பில் வந்தது திரும்பாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை, சின்ன மாத்திரைதான் மேடம் என்றார்கள், மூன்று வருடமாக விழுங்குகிறாள், இப்போது அந்தச் சின்ன மாத்திரையே எலும்பை அரித்துவிட்டதாம், ஸ்கேனில் தெரிகிறதாம், ஆகவே அதற்கு ஒரு மாத்திரை, நாளைக்கு இது எதை அரிக்குமோ... ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரிடம் வேறு வாயைப் பிளந்து காட்டிவிட்டு வர வேண்டுமாம், பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், தாடையும் எலும்புதானே மேடம் என்று மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் பெண் சிரிக்கிறாள், முப்பது வயது இருக்குமா அவளுக்கு? எரிச்சலில் பாதி தன்மேல்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று போன வருடம் கோயிலில் அன்னதானம் போடச் சொன்னது யார்? இருநூறு பேருக்குச் சாப்பாடு, அம்மனுக்கு நன்றி, தினமாத்திரையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. நன்றி சொல்லி முடித்த பிறகு புது மருந்தோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது?

யாரைப் பார்க்கவே கூடாதோ அவர்தான் மூலைக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார், ரத்தினம்மா, அன்னதானத்தன்று சாம்பார் வாளியை யார் கையிலும் கொடுக்காமல் அதிகாரம் பண்ணியவர். "சங்கீதா, வாம்மா, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்." மாத்திரை என்று சொன்னால் தீர்ந்தது, மறுபடியும் வந்துடுச்சா என்று அந்த முகம், கையை விடாமல் பிடிக்கும் அந்தப் பிடி, மத்தியானத்துக்குள் அடுத்த பேட்டை தோ பாயோ வரை சேதி போய்விடும். "இல்லக்கா, வெள்ளிக்கிழமை விரதம்." வாயில் வந்த பொய், வெள்ளிக்கிழமையாக இருந்தது நல்லதாகப் போயிற்று. "விரதத்துக்குக் காப்பி குடிக்கலாம்லா." "தண்ணி மட்டும்தான்க்கா." ரத்தினம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காராமல் தப்ப முடியாது, நேராக உட்கார்ந்தாள், முதுகு வளையாமல், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காருவதுபோல. "எத்தனை வாரம்? பதினொண்ணா, பதினாறா?" ஆமாம், விரதம் என்றால் எண்ணிக்கை வேண்டுமே, அதை யோசிக்கவில்லையே... வாரத்துக்கு ஒரு மாத்திரை என்று எழுதிக்கொடுத்த அந்த டாக்டர் பெண் சொன்ன கணக்குதான் வாயில் வந்தது.

"அஞ்சு வருஷம்க்கா."

ரத்தினம்மா குவளையைக் கீழே வைத்தார். "அஞ்சு வருஷமா... யாரும் அப்படி வேண்டிக்க மாட்டாங்களேம்மா." சங்கீதாவுக்கே திக்கென்றது, பொய் சொன்னதற்காக இல்லை. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அடுத்த மாதத்துக்கு மேல் எதற்கும் அவள் சரி என்று சொன்னதில்லை, அடுத்த ஜூன் விடுமுறைக்கு டிக்கெட் போடட்டுமா என்று மகள் கேட்டபோதுகூட, இருந்தால் பார்க்கலாம் என்றாள், மகள் எழுந்து போய்விட்டாள். இப்போது ஐந்து வருடம் என்று சொல்லியிருக்கிறாள், இருந்தால் என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்காமல். மறந்துவிட்டாளா, இல்லை, எங்கேயோ நம்ப ஆரம்பித்துவிட்டாளா? நம்பலாமா?

"அப்படி என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்றார் ரத்தினம்மா. சங்கீதா யோசித்துப் பார்த்தாள். இது முடியட்டும், இது முடியட்டும் என்றுதான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறாள். ஐந்து வருடம் கொடு என்று எந்தச் சாமியிடமும் அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.